அப்ஜெக்ஷன் சாரின் ஐந்து டெஸ்க்டாப்

அறுபத்தெட்டு வயதுவரை எதையும் ஒரே தடவையில் 'சரி' என்று ஒப்புக்கொள்ளாமலே வாழ்ந்து காட்டிய மனிதர் இந்தத் தலைநகரில் ஒருவர்தான் இருந்தார். அவர் கரோல் பாக்கில் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருந்தார். நான் முதல் மாடி. அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் அப்ஜெக்ஷன் சார்.

முப்பத்தாறு வருடம் தணிக்கை வேலை. தணிக்கைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தாளை நெடுக்காக நடுவில் மடித்து, இடப் பாதியில் மட்டும் தங்கள் ஆட்சேபணையை எழுதுவார்கள். வலப் பாதி காலியாக இருக்கும். மாட்டிக்கொண்டவர் பதில் எழுத வேண்டிய இடம் அது. இதற்கு 'ஹாஃப் மார்ஜின்' என்று பெயர். பதில் திருப்தியாக இருந்தால் கீழே 'செட்டில்' என்று எழுதிக் கையெழுத்திட்டு முடித்துவிடுவார்கள். சார் ஓய்வுபெற்ற பிறகும் தாளை மடிப்பதை நிறுத்தவில்லை. சட்டைப் பையில் எப்போதும் மடித்த தாள்கள் நாலைந்து இருக்கும். 'செட்டில்' என்ற வார்த்தையை அவர் எழுதிப் பார்த்தவர் எவரும் இல்லை என்று அவருடைய பழைய சகாக்கள் சொல்வார்கள்.

ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டு எழுந்தவர், கை கழுவிவிட்டு நேராகச் சமையல்காரரிடம் போய் ஒரு தாளை நீட்டினார். 'பொருள்: சாம்பார். கீழ்க்கண்ட குறைகள் காணப்படுகின்றன' என்று ஆரம்பித்து நான்கு குறைகள். சமையல்காரர் அதை மொய்க் கவர் என்று நினைத்து வாங்கிக் கும்பிட்டார். சார் பதிலுக்காக முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றார்.

காய்கறி வண்டிக்காரரிடமும் அப்படித்தான். "பையா, யே டமாட்டர் மே அப்ஜெக்ஷன் ஹை" என்று ஒரு தக்காளியை நீட்டுவார். திருநெல்வேலி இழுவையில் வரும் அந்த இந்தியைப் புரிந்துகொள்ள வண்டிக்காரருக்கு இரண்டு வருடம் ஆயிற்று. அதன் பிறகு அவர் வண்டியைத் தெருமுனையில் நிறுத்தும்போதே மேலே பார்த்து, "சாப், ஆஜ் கியா அப்ஜெக்ஷன்?" என்று அன்றைய ஆட்சேபணையைக் கேட்கத் தொடங்கினார்.

என்னையும் அவர் விடவில்லை. இருபத்திரண்டு வயதிலிருந்து தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். நேரத்தை நிமிடக் கணக்கில் குறிப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டார்.

"என்ன வே, பால் 7.42க்கு வந்ததுன்னு எழுதியிருக்கீரு? நான் மேல பால்கனியிலதான் நின்னேன். 7.45."

"என் கடிகாரப்படி 7.42 சார்."

"உம்ம கடிகாரத்த யாரு சரிபாத்தா? அத்தாட்சி இருக்கா?"

சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடிகாரம் மூன்று நிமிடம் மெதுவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் என் நாட்குறிப்பு தணிக்கைக்கு உட்பட்டது. அதிலும் அவருக்கு ஒரு மனக்குறை. "பக்கம் பூரா நெருக்கி எழுதி வச்சிருக்கீரே. ஓரத்துல ஒரு விரக்கடை இடம் இல்ல. நான் அப்ஜெக்ஷன எங்க எழுத?"

இப்படிப்பட்டவர் தன் வீட்டு லேப்டாப்புக்கு ஒரு டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுத்த கதையைத்தான் சொல்ல வந்தேன். தேதிவாரியாக என்னிடம் இருக்கிறது.

லேப்டாப் அவருடையது இல்லை. அவருடைய மனைவியுடையது. அவரை நாங்கள் டீச்சர் என்போம். பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடியிலிருந்து தெருவுக்கு நாற்பத்திரண்டு படி. டீச்சரின் முழங்கால்கள் அந்தப் படிகளை ஒப்புக்கொள்ளாமல் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் இறங்குவார். சனி, ஞாயிறு காலையில் அந்த லேப்டாப்பில் வீடியோ வழியாக ஏழு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். நொய்டா, குருகிராம், துவாரகா என்று ஏழும் ஏழு மூலையில். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். பாதித் தமிழும் மீதி இந்தியுமாகப் பேசுவார்கள். பாடும்போது மட்டும் சுத்தமாகப் பாடுவார்கள்.

"அந்த ஒண்ணரை மணி நேரம் நான் கீழ இறங்கிப் போயிட்டு வார மாதிரி, தம்பி" என்று டீச்சர் என்னிடம் ஒருமுறை சொன்னார்.

ஆகஸ்டு மாதம் அந்த லேப்டாப் தகராறு செய்யத் தொடங்கியது. எட்டு வருடப் பழசு. சரளி வரிசை பாடிக்கொண்டிருக்கும்போது 'மா'வில் வாயைத் திறந்தபடி டீச்சரின் முகம் அப்படியே நின்றுவிடும். அந்தப் பக்கம் நொய்டா அனன்யா, "டீச்சர், ஆவாஸ் வரல! நீங்க ஹேங் ஆயிட்டீங்க!" என்று, குரல் வரவில்லை என்பதைக் கத்திச் சொல்வாள். அதில் இருந்த பழைய சாஃப்ட்வேருக்குப் புதிய பதிப்பு போடலாம் என்று சார் உட்கார்ந்தார். திரையில் ஒரு செய்தி வந்தது: இந்தக் கணினி புதிய பதிப்புக்குத் தகுதியானது அல்ல.

அன்று காலை 10.15க்கு அவர் என் வீட்டு மணியை அடித்தார். முகம் சிவந்திருந்தது.

"வே டைரி! என் மேலயே அப்ஜெக்ஷன் போட்டுட்டான்வே!"

"யார் சார்?"

"லேப்டாப்புக்காரன். தகுதி இல்லையாம். காரணம் கேட்டா காரணம் சொல்லல. பதில் எழுத எடமும் விடல. இது என்ன முறை?"

புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், அவருடைய எதிர்த்தரப்பில் போய்ச் சேர்ந்துவிட்டேனோ என்று தோன்றியது. சாமான் நன்றாக இருக்கிறது. கீபோர்டில் ஒரு எழுத்துகூட அழியவில்லை. நல்ல நிலையில் இருப்பதைத் தகுதியற்றது என்று யார் சொன்னாலும் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

என் அலுவலகத்தில் சில கணினிகளில் லினக்ஸ் ஓடியது. பழைய இயந்திரத்திலும் இலகுவாக ஓடும் என்பதால் அதைப் போட்டுத் தருகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வாய் தவறி என்று இப்போது எழுதுகிறேன். அன்றைய குறிப்பில் 'மகிழ்ச்சியுடன்' என்று இருக்கிறது.

லினக்ஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். அது கணினியை இயக்கும் மென்பொருள். ஆனால் திரையில் நாம் பார்க்கிற முகப்பு, அதாவது பொத்தான் எங்கே, பட்டியல் எங்கே, கடிகாரம் மேலேயா கீழேயா என்பதெல்லாம் தனி. அதற்கு டெஸ்க்டாப் என்று பெயர். அதில் பல வகை உண்டு. பிடித்ததைப் போட்டுக்கொள்ளலாம். சர்க்கார் குவார்ட்டர்ஸ் மாதிரி. சுவர் ஒன்றுதான், கட்டிலை எந்த மூலையில் போடுவது என்பது குடியிருப்பவர் இஷ்டம்.

இதை நான் சொல்லி முடித்தபோது சாரின் கை சட்டைப் பைக்குப் போனது.

"எத்தனை வகை வே?"

"முக்கியமா ஒரு அஞ்சு சார். ஒண்ணைப் பாத்துப் போட்டுடலாம்."

"ஒண்ணையா? அஞ்சையும் பாக்காம எப்படி ஒண்ணைப் போடுவீரு? அஞ்சையும் போடும்!"

ஐந்தையும் போட்டேன். ஒரே லேப்டாப்பில் ஐந்தையும் வைத்துக்கொண்டு, திறக்கும்போது எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். போட்ட ஒவ்வொரு கட்டளையையும் வழக்கம்போல நேரத்தோடு நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். அப்போது அது வெறும் பழக்கம்தான்.

முதலில் வந்தது க்னோம். திறந்தால் திரையில் ஒன்றுமே இருக்காது. மேலே ஒரு கோடு, நடுவில் கடிகாரம், அவ்வளவுதான். டீச்சர் எட்டிப் பார்த்து, "இது என்ன, காலி வீடு மாதிரி இருக்கு?" என்றார். அதிலிருந்து எங்கள் வீடுகளில் அதற்குக் 'காலி வீடு' என்றே பெயர். பத்து நாள் கழித்து சாரின் தாள் என்னிடம் வந்தது: 'திரையில் திறக்கும் சன்னலைச் (விண்டோ) சுருக்கும் பொத்தான் இருப்பில் இல்லை. அது எங்கே சென்றது, யார் எடுத்தார்கள் என்பதற்கு விளக்கம் அளிக்கவும்.' அதைச் செய்தவர்கள் வேண்டுமென்றேதான் எடுத்தார்கள் என்று வலப் பாதியில் எழுதினேன். 'ஏற்கத்தக்கதல்ல' என்று திரும்பி வந்தது.

அடுத்து கே.டி.இ. அதில் மாற்ற முடியாதது என்று எதுவும் கிடையாது. கடிகாரத்தின் எழுத்து, எழுத்தின் நிழல், நிழலின் நிறம் எல்லாவற்றுக்கும் ஒரு அமைப்பு உண்டு. சார் மூன்று நாள் அதற்குள் போய்விட்டு வெளியே வரவில்லை. டீச்சர் அதற்குக் 'கல்யாண மண்டபம்' என்று பெயர் வைத்தார். சன்னலை நகர்த்தினால் அது தளும்புகிற மாதிரி ஒரு வசதி அதில் இருந்தது. ஆய்வுக்காக என்று சார் அதைப் போட்டுவிட்டு, எடுக்க மறந்துவிட்டார். சனிக்கிழமை வகுப்பில் டீச்சர் தன் படம் தெரிந்த சன்னலைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளினார்.

"ஏங்க! இங்க வாங்க! என் மொகம் அல்வாத் துண்டு மாதிரி ஆடுது! என்ன பண்ணி வச்சிருக்கீய?"

"ஆடட்டும். எத்தனை செகண்டு ஆடுதுன்னு பாத்துச் சொல்லு."

"பிள்ளைக கேட்டுக்கிட்டு இருக்கு! இத நிறுத்துத பொத்தான் எங்க?"

பொத்தான் முந்தைய வாரம் மேலே இருந்தது. இந்த வாரம் கீழே. டீச்சர் தேடி எடுப்பதற்குள் வகுப்பே அணைந்துவிட்டது. அன்று மாலை ஒரு பிள்ளையின் அம்மாவிடமிருந்து செய்தி வந்தது: 'டீச்சர், உங்க நெட் ப்ராப்ளம் டீக் ஆனதும் சொல்லுங்க, அப்புறம் ஜாயின் பண்றோம்.' ஏழு, ஆறு ஆனது.

மூன்றாவது மாட்டே. பழைய பாணி. நிதானமானது. எனக்குப் பிடித்திருந்தது. சாரின் ஆட்சேபணை ஒரே வரி: 'எனது பழைய அலுவலகக் கணினியைப் போலவே உள்ளது. ஓய்வுபெற்றவரை மீண்டும் பணிக்கு அழைப்பதற்கு ஒப்பாகும்.' டீச்சர் அதைப் 'பழைய ஆபீஸ்' என்றார். அந்த வாரம் சார் பொத்தான்களை எல்லாம் இடது பக்கம் மாற்றிப் பார்த்தார். ஆறு, ஐந்து ஆனது.

நான்காவது எக்ஸ்.எஃப்.சி.இ. பெயர் வாயில் நுழையாது. ஆனால் பட்டியலைத் திறக்கும் பொத்தானில் ஒரு சின்ன எலியின் படம் இருக்கும். ஆகவே அது 'எலி'. சார் உடனே தாளை மடித்து, 'பொருள்: கணினிக்குள் எலி' என்று தலைப்பு எழுதினார். அதற்குள் ஊரிலிருந்து போன். தங்கை மகன் வீட்டுக் கிரகப்பிரவேசம். பாதித் தாளை அப்படியே விட்டுவிட்டு ரயில் ஏறிவிட்டார். இரண்டு வாரம். அந்த நாட்களில் என் நாட்குறிப்பில் லேப்டாப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சார் இல்லாததால் தெரு அமைதியாக இருந்தது என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

திரும்பி வந்த அன்றே ஐந்தாவதைப் போட்டுவிட்டார். சின்னமன். டீச்சர் மொழியில் 'பட்டை'. பார்வைக்கு அப்படியே பழைய சாஃப்ட்வேர் மாதிரி இருக்கும். சாரின் முதல் ஆட்சேபணையும் அதுதான்: 'நம்மை முன்பு நிராகரித்தவர்களின் முகச் சாயல் தெரிகிறது.'

அந்த வாரம் நான் மேலே போயிருந்தபோதுதான் டீச்சர் பேசினார். குரலை உயர்த்தவில்லை. சுண்டலுக்குக் கடலையை நீரில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"விஜயதசமிக்கு நாலு புதுப் பிள்ளைக சேருது. காலையில எட்டரைக்கு. அன்னைக்கும் பொத்தானத் தேடிக்கிட்டு நான் முழிச்சேன்னா, கிளாஸை அன்னைக்கே நிறுத்திருவேன். பொறவு நீங்களாச்சு, உங்க லேப்டாப்பாச்சு."

சார் சுவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"எழுதும்வே. பட்டைக்குத் தற்காலிக ஒப்புதல். பதினோரு குறிப்புகளுக்கு உட்பட்டு."

அவருடைய வாழ்க்கையில் ஒப்புதலுக்கு இவ்வளவு பக்கத்தில் அவர் வந்தது அதுவே முதல் தடவை. நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். மாலை 5.20.

சரஸ்வதி பூஜை அன்று டீச்சர் சுவாமி அலமாரியின் முன் பட்டுத் துணி விரித்து, பாட்டுப் புத்தகங்கள், சுருதிப் பெட்டி, லேப்டாப் எல்லாவற்றையும் அடுக்கிச் சந்தனம், குங்குமம் வைப்பார். என் நாட்குறிப்பும் அங்கே போகும். "எழுதுத பொஸ்தகந்தானே, அதுவும் வரட்டும்" என்று ஒவ்வொரு வருடமும் கேட்டு வாங்கிக்கொள்வார். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலைவரை தொடக்கூடாது. வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் நான் எழுதுவதில்லை. எழுதாத நாளாகப் பார்த்துத்தான் எல்லாம் நடந்தது.

மறுநாள் தசரா விடுமுறை. பக்கத்து மைதானத்தில் ராம்லீலாக்காரர்கள் ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். காலை 7.35க்கு மேலேயிருந்து சார் கூப்பிட்டார். அவருடைய குரலில் ஆட்சேபணை இல்லை. அதனால்தான் படிகளை ஓடி ஏறினேன்.

மேசைமேல் லேப்டாப். மூடியில் சந்தனப் பொட்டு. திரை முழுவதும் கறுப்பு. மேல் ஓரத்தில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி. உள்ளே வருபவரின் பெயரைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு கோடு மின்னிக்கொண்டிருந்தது.

பட்டுப்புடவையில் நின்ற டீச்சர் கேட்டார். "இது ஆறாவதா தம்பி? இதுக்குப் பேரு நான் வைக்கவா? கரும்பலகை."

"சார், நேத்து இதைத் தொட்டீங்களா?"

"பூஜைக்கு வச்ச பொறவு யாரும் தொடல."

"வைக்கறதுக்கு முன்னாடி?"

சார் வேட்டி நுனியைச் சரிசெய்தார். "ஆயுத பூஜைன்னா எல்லாத்தையும் தொடைக்கணும்லா? துணியால வெளிய தொடைச்சேன்."

"அப்புறம்?"

"உள்ளயும் தொடைச்சேன்."

"உள்ள என்னத்தை சார் துடைச்சீங்க?"

"உபரி வே! ஒரு லேப்டாப்புல ஃபைல் பாக்குத சாமான் அஞ்சு. படம் பாக்குதது நாலு. கால்குலேட்டர் மட்டும் நாலு! ஒரு வீட்டுக்கு நாலு கால்குலேட்டர் என்னத்துக்கு? பட்டையை மட்டும் வச்சிக்கிட்டு மிச்சத்த எடுக்கலாம்னு எடுத்தேன். அது ஒரு பட்டியல் காமிச்சுது. இதோட சேந்து இதெல்லாமும் போகும், சரியான்னு கேட்டுது."

"அந்தப் பட்டியலைப் படிச்சீங்களா?"

ஒலிபெருக்கியில் யாரோ 'ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்' என்றார்கள். சார் வேட்டி நுனியை மறுபடியும் சரிசெய்தார்.

"முப்பத்தாறு வருசத்துல பட்டியலப் படிக்காம நான் சரின்னு சொன்னது நேத்து ஒருக்காத்தான் வே. இவ தேங்கா திருவக் கூப்பிட்டா."

வாழ்நாளில் ஒரே ஒரு முறை எதையும் கேட்காமல் 'சரி' என்றிருக்கிறார். அந்த ஒரு 'சரி'யில் ஐந்து டெஸ்க்டாப்பும் போய்விட்டன. ஐந்துக்கும் பொதுவான அடித்தளச் சாமான்களை அவர் உபரி என்று நினைத்து எடுத்ததில், பட்டையும் சேர்ந்து போயிருந்தது.

மணி 7.48. என் நாட்குறிப்பைப் பட்டுத் துணியிலிருந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஆகஸ்டு மாதப் பக்கங்களில் எல்லாக் கட்டளையும் இருந்தது. 7.52க்கு மோடத்திலிருந்து ஒயரை இழுத்துச் சொருகினேன். 7.58க்கு கரும்பலகை நான் சொன்னதைக் கேட்க ஆரம்பித்தது.

"சார், அஞ்சையும் இறக்க நேரம் இல்லை. ஒண்ணுதான் போட முடியும். எது?"

கை பழக்கதோஷத்தில் சட்டைப் பைக்குப் போனது. பட்டு வேட்டிக்கு மேல் அன்று அவர் அணிந்திருந்தது பை இல்லாத ஜிப்பா. தடவிப் பார்த்துவிட்டு, "அவசரப்படாதீரும். ஒரு ஒப்பீட்டுப் பட்டியல் போட்டுப் பாத்துட்டு..." என்று தொடங்கினார்.

"எலியப் போடுங்க தம்பி" என்றார் டீச்சர்.

இரண்டு பேரும் திரும்பினோம்.

இரண்டு மாதத்தில் ஐந்து டெஸ்க்டாப், நாற்பத்து மூன்று ஆட்சேபணை. இவ்வளவு நடந்தும் லேப்டாப்பில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவரிடம் எது வேண்டும் என்று நாங்கள் கேட்கவே இல்லை. நாங்கள் என்றுதான் எழுத வேண்டும். நானும் கேட்கவில்லை.

"எலியா?" என்றார் சார். "அதுக்கு நான் இன்னும் குறிப்பே எழுதலியே. பாதியில நிக்குது. அதுல அப்படி என்ன கண்ட?"

"அதுல ரெண்டு வாரம் கிளாஸ் ஒழுங்கா நடந்துச்சு. முத நாளு பொத்தான் எங்க இருந்துச்சோ, ரெண்டாம் வாரமும் அங்கனயே இருந்துச்சு. நான் கண்ண மூடிக்கிட்டுத் தட்டினேன்."

"மத்ததுலயும் இருந்திருக்குமே!"

டீச்சர் சுருதிப் பெட்டியைக் கையில் எடுத்தார். பிறகு அவரிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார். "அந்த ரெண்டு வாரமும் இவுக ஊருக்குப் போயிருந்தாவ, தம்பி."

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அவர் பக்கம் பார்க்காமல் எலிக்கான கட்டளையை அடித்தேன். 8.04.

இறங்கும் அளவைத் திரை சதவீதத்தில் காட்டிக்கொண்டிருந்தது. பதினெட்டு. முப்பத்தொன்று. முப்பத்தொன்றிலேயே நின்றது. டீச்சர் சுருதிப் பெட்டியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். 8.30க்கு அவருடைய போன் அடித்தது. குருகிராமிலிருந்து புதுப் பிள்ளையின் அம்மா.

"பேட்டா கோ பிட்டா தீஜியே. தஸ் மினிட்" என்று, பிள்ளையை உட்கார வைக்கச் சொல்லிப் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பத்து நிமிசம்னு சொல்லிட்டேன் தம்பி."

8.37க்கு ஒருவழியாக நூறு வந்தது. 8.38க்கு லேப்டாப்பை அணைத்து மறுபடியும் போட்டேன். கறுப்பு வந்தது. கறுப்பிலேயே இருந்தது. பிறகு வெளிச்சம் வந்து, கீழே இடது மூலையில், இரண்டு வாரம் டீச்சர் வைத்திருந்த அதே இடத்தில், எலி உட்கார்ந்திருந்தது. அவர் அன்று அமைத்துக்கொண்ட எதையும் லேப்டாப் மறக்கவில்லை. டீச்சர் திரையைப் பார்க்கக்கூட இல்லை. கை தானாகப் போய்ப் பொத்தானைத் தட்டியது. ஒன்பது சின்ன முகங்கள் வரிசையாக வந்தன. ஐந்து பழசு, நாலு புதுசு.

"டீச்சர், ஹேப்பி தசரா! ஆவாஸ் வருது!" என்று அனன்யா கத்தினாள்.

"நீங்க ரெண்டு பேரும் வெளிய இருங்க" என்றார் டீச்சர்.

8.41. நாங்கள் மாடிப்படியில் உட்கார்ந்தோம். கதவுக்குப் பின்னால் டீச்சர் ஒரு முறை பாட, ஒன்பது குரல்கள் ஒன்பது நேரத்தில் திருப்பிப் பாடின. துவாரகா பாடி முடித்த பிறகுதான் குருகிராம் தொடங்கியது. சாதாரணமாக அந்தத் தாமதத்துக்கே சார் மூன்று தாள் எழுதியிருப்பார்.

"ஒரு தாளு கிழிச்சுத் தாரும்" என்றார்.

நாட்குறிப்பிலிருந்து நான் தாள் கிழித்தது கிடையாது. அன்று கிழித்தேன். அவர் அதை முழங்காலில் வைத்து நடுவில் மடித்தார். என் பேனாவையே வாங்கி எழுதினார். எழுதி முடிக்க நேரமானது. முடித்ததும் எனக்குக் காட்டினார்.

'1. விஜயதசமி வகுப்பு 8.30க்குப் பதில் 8.41க்குத் தொடங்கியது. தாமதம் பதினோரு நிமிடம். 2. ஐந்து டெஸ்க்டாப்பில் எதற்கும் பயன்படுத்துபவரின் கருத்து கேட்கப்படவில்லை. 3. இரண்டு மாணவிகள் விலகியுள்ளனர். மேற்கண்ட அனைத்துக்கும் கீழே கையெழுத்திட்டவரே பொறுப்பு.'

கையெழுத்துப் போட்டிருந்தார். வலப் பாதி காலி.

வகுப்பு முடிந்து கதவு திறந்தது. டீச்சரின் முகம் நாற்பத்திரண்டு படி இறங்கிப் போய்விட்டு வந்த முகமாக இருந்தது. சார் எழுந்து நின்று தாளை நீட்டினார். கல்யாணம் ஆகி நாற்பது வருடத்தில் அவருடைய எந்தத் தாளுக்கும் டீச்சர் பதில் எழுதியதில்லை. மசாலா கட்டுவதற்கு மட்டும் உபயோகித்திருக்கிறார். இன்று மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். என் பேனாவை வாங்கி, நிலைப்படியில் தாளை வைத்து, வலப் பாதியில் எழுதினார்.

'எலி போதும். அந்த ரெண்டு பிள்ளைகளையும் நான் கூப்பிட்டுக்கிடுதேன். உள்ள வாங்க, காப்பி ஆறுது.'

சார் அதை இரண்டு முறை படித்தார். பேனாவை மறுபடியும் வாங்கி, அடியில் 'செட்டில்' என்று எழுதினார். நேரம் 10.14. நான் அருகில் நின்று பார்த்தேன்.

மறு வருடம் அவர்கள் புணேவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே லிஃப்ட் இருக்கிறது. லேப்டாப்பும் கூடவே போனது. இப்போது வகுப்பில் பதின்மூன்று பிள்ளைகள். மாதம் ஒரு முறை சாரோடு பேசுவேன்.

"எலி எப்படி இருக்கு சார்?"

"இருக்குவே. தொடல."

"அப்ஜெக்ஷன் ஒண்ணும் இல்லையா?"

போனில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. டீச்சர் பக்கத்தில் இருக்கிறாரா என்று பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "பதினேழு இருக்கு. எழுதி வச்சிருக்கேன். கொடுக்கல" என்றார்.

இரண்டாம் மாடிக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது. நல்லவர்கள், எதற்கும் சரி என்று சொல்கிறவர்கள். காய்கறி வண்டிக்காரர் மட்டும் தெருமுனையில் நின்று இன்னும் மேலே பார்க்கிறார். நானும் என் பழக்கத்தில் ஒன்றை மாற்றிக்கொண்டேன். நாட்குறிப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் மடித்து, இடப் பாதியில் மட்டும் எழுதுகிறேன்.